தங்கப் பெட்டிக்குக் கட்டிய முன்பணம்

சாய்ந்துகொள்கிற நாற்காலியாகப் பார்த்துப் போட்டீர்கள், அதற்கு நன்றி சார். எனக்குக் கழுத்து வலி. இன்று நேற்று வந்ததல்ல. செம்பனை வெட்டுகிறவன் விடிந்ததிலிருந்து மதியம் வரை அண்ணாந்தே நிற்கிறான். நாற்பதடி உயரத்தில் இருக்கிற குலையைப் பார்த்துப் பார்த்து, பிறகு சோற்றுத் தட்டைப் பார்க்கக் குனிந்தால் பின்கழுத்து சுண்டி இழுக்கும். எண்ணெய் தேய்த்தால் ஒரு மணி நேரம் கேட்கும். அவ்வளவுதான்.

அந்தப் பெட்டி என் கைக்கு எப்படி வந்தது, அதை மட்டும் சொன்னால் போதும் என்றீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் பெட்டி நேற்று வந்த பொருள் அல்ல. கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் அது ஏன் என் வீட்டில் இருக்கிறது என்பது உங்களுக்கு விளங்கும்.

பேர் உமாபதி. வயது முப்பத்தொன்பது. கோல சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருக்கிற தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். எண்பத்து நாலில் ஒரு கலர் டிவி வாங்கினேன். இருபத்தாறு அங்குலம். முப்பத்தாறு மாதத் தவணை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுதான் முதல் கலர் டிவி. தமிழ்ப்படம் போடுகிற நாளில் என் வீட்டில் முப்பது பேர் இருப்பார்கள். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் நாராயணசாமிக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். மறுநாள் வேலைக்காட்டில், “உமாபதி வூட்டுல பாத்தேன்” என்றுதான் கதையே ஆரம்பிப்பார்கள். நான் பெருமைக்கு ஆசைப்படுகிறவன் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பாலன் பக்கத்து வீடு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். வேலையில் எனக்கு ஜோடி. எங்கள் வேலையில் இரண்டு பேர் அடுத்தடுத்த மர நிரையில்தான் நிற்போம். குலை தலையில் விழுந்தால் தூக்குவதற்கு ஆள் வேண்டுமல்லவா. எண்பத்தாறில் அவன் ஒரு டிவி கேம் வாங்கி வந்தான். அவனிடம் இருந்தது பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி. அதில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு பொம்மை சுவர் தாண்டிக் குதிக்கும். அதற்கு முப்பது பேர் கைதட்டினார்கள். அதே முப்பது பேர்தான். மண்டோரும் போனார். கொஞ்ச நாளில் என் மனைவி கலாவதியும் போனாள். படம் போடுகிற நாளில் என் வீட்டுக்கு நல்லம்மாள் மட்டும் வந்தாள். அவளுக்குக் காது கேட்காது.

போன வருடம் ஜனவரியில் ஒரு மத்தியானம் பாலன் கையில் வண்ணக் காகிதம் ஒன்றோடு வந்தான். டவுனில் மின்சாமான் கடை வைத்திருக்கிற சீன முதலாளி, தவுக்கே, கொடுத்தது. ஜப்பானிலிருந்து புது ஆட்டம் ஒன்று நவம்பரில் வருகிறது. அதில் சாதாரணமானது தொண்ணூறு வெள்ளி. விசேஷமானது இருநூற்று நாற்பது. அது இரும்புப் பெட்டியில் வரும். மிஷினில் செருகுகிற ஆட்டத் தட்டு தங்க நிறத்தில் இருக்கும். துணியில் அச்சடித்த வரைபடம், விரல் நீளத்துக்கு ஒரு வாள், பெட்டி மேல் நம்பர். முன்பணம் கட்டுகிறவனுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

“அண்ணே, ரசீதுத் துண்ட ஒங்க பேர்ல போட்டுக்கிறேன் லா,” என்றான். “ஒங்ககிட்டயே இருக்கட்டும். எம் பொண்டாட்டி அம்சா பைய அலசாம சட்டைய அலச மாட்டா.”

“எதுக்குடா இருநூத்தி நாப்பது? உள்ள ஓடுற ஆட்டம் ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான்.”

“அப்புறம்?”

“நம்பர் போட்டிருக்கும்ணே. இந்தப் பக்கத்துக்கே ரெண்டுதான் வருதாம். ஒண்ணு செகிஞ்சான்ல ஒரு தவுக்கே மவனுக்கு. இன்னொண்ணு எனக்கு.”

“வராமப் போச்சுன்னா?”

“வரும்ணே. வருதுன்னு காத்துக்கிட்டு இருக்கிறதுக்கே பாதிக் காசு குடுக்கலாம்.”

நான் நியாயமாகத்தான் பேசினேன். கண்ணால் பார்க்காத பொருளுக்குப் பத்து மாதம் முன்னாலேயே காசு கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் அவன் கடைசியாகச் சொன்ன சொல் என் காதைவிட்டுப் போகவில்லை. தோட்டத்தில் எங்களுக்கு வருவது என்ன? சம்பள நாள் வரும். மழை வரும். காய்ச்சல் வரும். அவனுக்கு மட்டும் வேறொன்று வந்துகொண்டிருந்தது. மட்டை வெட்டும்போது விசில் அடித்தான். சாப்பிட உட்கார்ந்தால் தானாகச் சிரித்தான். லயத்தில் போகிறவன் வருகிறவனெல்லாம், “என்ன பாலா, கப்பல் எங்க வருது?” என்று கேட்பான். “சிங்கப்பூர் தாண்டிருச்சு லா,” என்பான். ஜனவரியிலேயே சிங்கப்பூரைத் தாண்டிவிட்டது.

சம்பளத்துக்கு மறுநாள் பதினைந்து வெள்ளி கட்டிவிட்டு வந்து துண்டை என்னிடம் கொடுப்பான். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கிற பிஸ்கட் டின்னில் வைப்பேன். தவுக்கே என் பேரை ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தார். மூன்றாம் துண்டு வந்தபோது டின்னைத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஐந்தாவது துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஏதோ எனக்கும் வருகிற மாதிரி இருந்தது. பணம் அவனுடையது, பேர் என்னுடையது. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நவம்பரில், ஒரு வியாழக்கிழமை, பெட்டி வந்துவிட்டது. பாலன் டவுனுக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமை மீதித் தொண்ணூறைக் கட்டி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. குழாயடியில் நின்று எல்லாரையும் கூப்பிட்டான்.

“மூணு மணிக்கு வந்துடுங்க. தங்கமாட்டம் மின்னும். மண்டோர் ஐயா, ஒங்களுக்கு முன் வரிசை.”

“ஒன் டிவி தீப்பொட்டி சைசு,” என்றார் மண்டோர். “அதுவும் கறுப்பு வெள்ளை. அதுல ராசாவையும் ராட்சசனையும் நாங்க எப்படிடா அடையாளம் பாக்குறது?”

எல்லாரும் சிரித்தார்கள். கலாவதி குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “எங்க வூட்டு டிவியத் தூக்கிட்டுப் போங்க தம்பி. அது சும்மாதானே கெடக்கு.”

“அண்ணி, நீங்க தெய்வம் லா,” என்றான் பாலன். பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, ஒரு பக்கம் நீங்க புடிங்க, ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்,” என்றான்.

நானும் சிரித்தேன். முப்பத்தாறு மாதம் தவணை கட்டிய டிவி. அதை நானே தூக்கிக்கொண்டு போய் அவன் வீட்டில் வைக்க வேண்டும். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை.

இப்போது மூங்கிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அரிவாளை மூங்கிலில்தான் கட்டி வெட்டினோம். பிறகு அலுமினியக் குழாய் வந்தது. லேசு, வளையாது, கழுத்துக்கும் தோளுக்கும் நல்லது. ஆனால் நாங்கள் வெட்டுகிற பகுதியில் ஒரு நிரைக்கு மேலே மின்கம்பி போகிறது. கம்பி நிரை என்போம். அதில் மட்டும் குழாய் கூடாது, காய்ந்த மூங்கில்தான் என்பது உத்தரவு. எங்களிடம் மீதி இருந்தது ஒரே ஒரு நீள மூங்கில். வேலைக்காட்டுக்குப் போகிற பாதை என் வீட்டுப் பின்னால் தொடங்குவதால் அது என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். கம்பி நிரை ஒரு சுற்று எனக்கு, அடுத்த சுற்று அவனுக்கு. அந்தச் சனிக்கிழமை அவன் முறை.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்து, மூங்கிலின் நடுக்கணுவில் கோடாலியின் பின்பக்கத்தால் இரண்டு அடி போட்டேன். அப்போது நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. விரிசல் விடுமா என்று பார்த்தேன். விட்டது.

சனிக்கிழமை பாலன் பெரட்டுக்கு வரவில்லை. பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிடுவது. பெட்டி வைப்பதற்குச் சுவரில் பலகை அடித்துவிட்டுத் தாமதமாகப் படுத்தானாம். ஜோடியில் ஒருவன் வராவிட்டால் மற்றவன் அவனுக்கும் சேர்த்து “இருக்கான்” என்பது எங்கள் வழக்கம். பெரட்டில் சொன்ன விஷயத்தை அவனுக்குச் சொல்வதும் மற்றவன் பொறுப்பு. எத்தனையோ நாள் எனக்காக அவன் செய்திருக்கிறான். நானும் “இருக்கான்” என்றேன். சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக நிரைக்கு வந்து சேர்ந்தான்.

“பெரட்டுல என்னண்ணே சொன்னாங்க?”

“கரண்டுக்காரங்க வந்திருக்காங்களாம். பன்னெண்டு மணி வரைக்கும் கம்பில கரண்டு இல்ல. கொழாயே போதும்னாரு மண்டோர்.”

“மூங்கி?”

“வெடிச்சுப் போச்சுடா.”

“நல்லதாப் போச்சு. சீக்கிரம் முடிச்சிரலாம்.”

வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டை கழிப்பதற்காக அவர்கள் கரண்டை நிறுத்துவது உண்டு. அன்றைக்கெல்லாம் மண்டோர் பெரட்டில் அப்படித்தான் சொல்வார். அதனால் அவன் கேள்வி கேட்கவில்லை. அன்றைக்கு மண்டோர் உரத்தைப் பற்றி மட்டும் பேசினார்.

முதல் மூன்று மரத்தில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது மரத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அப்போது கூப்பிட்டிருக்கலாம். நான்காவது மரம் சாய்ந்த மரம், கம்பிக்குப் பக்கம். அரிவாளை இழுத்தபின் குலை விழ ஒரு மூச்சு நேரம் ஆகும். நான் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். குலை விழவில்லை.

குழாயை நான் தொடவில்லை. தொடக் கூடாது என்பது தெரியும். மண்டோரிடம் ஓடினேன். பாடை தூக்கும்போது முன்பக்கம் நான்தான். விசாரணையில் சாட்சியும் நான்தான். அவன் அவசரக்காரன், மூங்கிலைத் தேடாமல் குழாயோடு போய்விட்டான் என்றேன். அவசரக்காரன் என்பது பொய் இல்லை. மூங்கில் இப்போது எங்கள் வீட்டுத் துணிக்கொடிக்கு முட்டாக நிற்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு டவுனுக்குப் போனேன். பத்துத் துண்டையும் கொடுத்து மீதித் தொண்ணூறு வெள்ளியைக் கட்டினேன். பாலன் வரவில்லையா என்று தவுக்கே மலாயில் கேட்டார். வேலை என்றேன். துண்டுகளில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். வருகிற வழியில் சைக்கிளை நிறுத்திப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சொன்னபடியே இருந்தது. வாள், வரைபடம், நம்பர். தங்க நிறத்தை நகத்தால் சுரண்டினேன். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக். ஆட்டத்தைப் போட்டுப் பார்க்க என்னிடம் மிஷின் இல்லை. அவன் முகத்தில் பத்து மாதமாக நான் பார்த்தது எனக்கும் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. இருநூற்று நாற்பது வெள்ளிக்கு அது தகாது. அதை நான் ஜனவரியிலேயே அவனிடம் சொன்னேன்.

எட்டு மாதம் அரிசி டின்னுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன். பாலன் போன பிறகும் ஜனங்கள் என் வீட்டுக்கு வரவில்லை, சார். அவனுடைய மிஷினை வைத்துக்கொண்டு அவன் வீட்டிலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். அம்சவள்ளிக்குத் துணையாக இருக்கிறோம் என்றார்கள். போன மாதம், படம் போடுகிற நாளில், பெட்டியை எடுத்து டிவி மேல் வைத்தேன். முதலில் நாலு பேர் வந்தார்கள். அடுத்த படத்துக்குப் பதினைந்து பேர். மண்டோர் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, “எங்கடா புடிச்ச இத?” என்றார். நான் சிரித்துவிட்டுக் கோப்பி கொடுத்தேன். நல்ல நாள் அது.

அம்சவள்ளியும் வந்தாள். உள்ளே வரவில்லை. அந்த வண்ணக் காகிதம் அவள் வீட்டுச் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அது எனக்கு ஞாபகம் இல்லாமல் போய்விட்டது.

“அண்ணே, இது அவரு கேட்டு வச்சதுல்ல?”

“துண்டுல என் பேருதாம்மா இருக்கு. பாக்குறியா?”

பத்தையும் எடுத்துக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. தேதி தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்தும் சம்பளத்துக்கு மறுநாள் தேதி. அவன் டவுனுக்குப் போன நாள் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? துண்டுகளை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

புகாரில் திருட்டு என்று எழுதியிருக்கிறாள். நீங்களும் அந்தச் சொல்லையே இரண்டு முறை சொன்னீர்கள். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். மூங்கில், கரண்டு, நாலாவது மரம், ஒன்றையும் விட வேண்டாம். நான்தான் கொன்றேன் என்று போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் திருட்டு என்பதை அடித்துவிடுங்கள், சார். நான் யாருடைய பொருளையும் தொட்டவன் இல்லை. துண்டு என் பேரில் இருந்தது, மீதிக் காசும் என்னுடையது. அவன் கட்டியது மாதம் பதினைந்தாகப் பத்து மாதம். அம்சவள்ளிக்கு நான் கொடுக்க வேண்டியது நூற்றைம்பது வெள்ளி.