தலையணைப் பக்கத்துப் போன்

எடுக்க மாட்டேங்க்கா. அடிக்கட்டும். அடிச்சு அடிச்சு பேட்டரி செத்துப் போகட்டும். உங்களுக்குத் தொந்தரவா இருந்தா சொல்லுங்க, சத்தத்தைக் கொறச்சிடுறேன். யாரா? எங்க சர்ச் ஆளுங்கதான், வேற யாரு. சங்கிலி ஜெபம். நீங்க துவா கேப்பீங்கல்ல, அது மாதிரிதான், ஆனா விடாம. ஒருத்தர் ஒரு மணி நேரம், முடிஞ்சதும் அடுத்தவங்க, நடுவுல அறுந்துடக் கூடாது. முன்னெல்லாம் அவங்கவங்க வீட்ல முட்டி போட்டுப் பண்ணுவோம். இப்பதான் வாட்ஸப் வந்துடுச்சே. ஸ்பீக்கர்ல போட்டு என் வீட்டுக்காரரு தலையணைப் பக்கத்துல வெச்சிடணுமாம். காதுல விழுந்துக்கிட்டே இருக்கணுமாம்.

ஆமாக்கா, கால்தான். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. பள்ளிக்கூட வேன் ஓட்டுறவரு, செருப்பு கடிச்ச புண்ணு. டாக்டர்கிட்ட காட்டுங்க காட்டுங்கன்னா கேட்டாத்தானே? கருத்துப் போச்சு. முட்டிக்குக் கீழ எடுத்தாகணும், இல்லன்னா விஷம் மேல ஏறி ஆளே போயிடுவாருன்னு டாக்டரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலமே ருக்குமணி அக்கா வந்தாங்க, எங்க ஜெபக் குழுவுக்கு அவங்கதான் தலைவி. கண்ண மூடுனாங்க, தொறந்தாங்க, கத்தி படக் கூடாதுன்னு கர்த்தர் சொல்லிட்டாருன்னாங்க. அவ்வளவுதான். கடையில ஒரு தட்டு மீ கோரெங் சொன்னாக்கூட அதவிட நேரமாகும்.

எனக்குப் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. நானும் முட்டி தேயக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? பொறந்ததுலருந்து சர்ச். சண்டே ஸ்கூல் டீச்சர் வேற. அமைதியாக் காத்திருங்க, ஆண்டவர் பேசுவாருன்னு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தவ. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. அந்த அம்மாவுக்கு மட்டும் உடனே லைன் கெடச்சிடுது. என்னா நியாயம் லா இது?

என் வீட்டுக்காரரு பேரு ஸ்ரீகரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சைவக்காரங்க. கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஞானஸ்நானம் எடுத்தாரு. சர்ச்சுல எதுக்கெடுத்தாலும் அவரைத்தான் சாட்சின்னு மேடை ஏத்துவாங்க. மனுஷன் நின்னு சிரிச்சிட்டு எறங்கி வந்துடுவாரு. வாயே தொறக்க மாட்டாரு. இங்க ஆஸ்பத்திரியிலயும் அதே கதைதான். டாக்டரு வந்து, என்னா முடிவு பண்ணீங்கன்னு கேக்குறப்ப போன்ல யாராச்சும் அல்லேலூயான்னு கத்துவாங்க. இவரு போனைப் பாப்பாரு, என்னைப் பாப்பாரு, அவ்வளவுதான். டாக்டரு தலைய ஆட்டிட்டுப் போயிடுவாரு. பக்கத்துக் கட்டில்ல ஒரு சீன அங்கிள், பாவம், காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு.

நேத்து மத்தியானம் என் முறை. ருக்குமணி அக்கா போன்ல அவங்க ஜெபத்த முடிச்சிட்டு சொல்றாங்க, சலோமி, விசுவாசமா ஜெபிம்மா, உன் சந்தேகம்தான் தடையா நிக்குதுன்னு. அவரு காதுபட! வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். போனை அமுக்கி அணைச்சு டிராயர்ல போட்டேன். ஜெபம் பண்ணல. ஒரு வார்த்தைகூடச் சொல்லல. உமக்குப் பேசணும்னா பேசும், நான் இனி வாயத் தொறக்க மாட்டேன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு, சண்டை போட்ட பொம்பளை மாதிரி கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துட்டேன்.

என்னா, பதில் கேட்டுச்சாவா? ஃபேன் சத்தம் கேட்டுச்சு. நர்ஸ் மிஸி சாப்பாட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனது கேட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல. இன்னும் எரிச்சலாயிடுச்சு. எந்திரிச்சுப் போயிடலாம்னு இருந்துச்சு, ஆனா போகல. வீம்புதான், வேற என்னா.

அப்பதான் இவரு கூப்பிட்டாரு. சலோ, போன் நின்னுடுச்சான்னாரு. அணைச்சிட்டேன்னேன். திரும்பப் போடுவியான்னாரு. மாட்டேன்னேன். போர்வைய வெலக்கிக் காலைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா சொல்றாரு, ரொம்ப வலிக்குது சலோ, இந்தக் காலு செத்துப் போச்சு, நாத்தம் எனக்கே தெரியுது. எடுத்துடுங்கன்னு டாக்டர்கிட்ட அன்னிக்கே சொல்லியிருப்பேன். சொன்னா, வெளியிலருந்து வந்தவன்தானே, விசுவாசம் எங்க இருக்கும்னு உன்னைத்தான் பேசுவாங்க. ஒத்தக் காலோட நான் இருந்துக்குவேன் லா, உன்னை யாராச்சும் பேசுனா எனக்குத் தாங்காதுன்னாரு.

இல்லக்கா, அழல. எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. இத்தனை பேரு அந்த மனுஷன் காதுக்குள்ள கத்துனாங்களே, ஒருத்தராச்சும் அவரு வாயப் பாத்தாங்களா? ஆண்டவர் பேசல பேசலைன்னு நானும் குதிச்சேன். இவ்வளவு கூச்சல்ல அவரு எந்த இடுக்குல பூந்து வந்து பேசுவாரு? எனக்கு என்னமோ, நேத்து பேசுனது அந்த ஆண்டவருதான்னு தோணுது. ருக்குமணி அக்காகிட்ட சொன்னா, அது உன் புருஷன் சத்தம், கர்த்தர் சத்தம் இல்லம்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

உங்க மகளுக்கு மொதப் பிள்ளையா? ஆபரேஷன்தானே, பயப்படாதீங்க, இங்க நல்லாப் பாப்பாங்க.

பாருங்க, திரும்ப அடிக்குது. டத்தோ கிராமாட் ஏரியாவுல பாஸ்டர் வீட்ல எல்லாரும் உபவாசம் இருந்து, கத்தி படக் கூடாதுன்னு மன்றாடிக்கிட்டு இருக்காங்க. போன் இன்னும் தலையணைப் பக்கத்துலதான் இருக்குன்னு அவங்களுக்கு நெனப்பு.

இவரா? உங்க மக போன அதே கதவுக்குள்ளதாங்க்கா. காலையிலயே டாக்டர்கிட்ட அவரு வாயாலயே சொல்லிட்டாரு. இந்நேரம் காலை எடுத்திருப்பாங்க. கண்ணு முழிச்சதும் மொதல்ல என்னா சொல்றாருன்னு கேக்கணும், அதான் இதை எடுக்கல.