சவுக்குமேட்டுக் குப்பத்து வாசகர்கள்

— அதான் சொன்னேனேம்மா, அவர் ஊர்ல இல்ல. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. நான் அவர் ஆத்துக்காரி, கோமளம்.

— ஐயா கைலதான் குடுக்கணும்னு சொல்லி அனுப்ச்சாங்க. பரவால்ல, குந்திக்கினு கீறேன். எப்ப வருவாரு?

— அது... சொல்ல முடியாது. கும்பகோணம் போயிருக்கார்.

— இப்பதான் திருச்சின்ன?

— திருச்சி போயிட்டு... அப்படியே கும்பகோணம்.

— ஓ. நான் பச்சையம்மா. சவுக்குமேட்டுக் குப்பம். பேரு சொன்னா ஐயாவுக்குத் தெரியும். மீன்காரின்னு பயந்துக்காத, வாசப்படி தாண்ட மாட்டேன். கூடையும் கொண்டாரல.

— அட ராமா, அந்த வழக்கமெல்லாம் இந்த ஆத்துல கிடையாது. உள்ள வா... இல்ல, இரு, இங்கயே உக்காரு. இங்கதான் காத்து வரது.

— புரியுதும்மா.

— ஐயோ, நீ நினைக்கற மாதிரி இல்ல! சத்தியமா இல்ல. வேற... சரி விடு. தீர்த்தம் வேணுமா?

— தீர்த்தமா? கோயில்ல குடுப்பாங்களே, அதுவா?

— குடிக்கற தண்ணிதாம்மா. இந்தா. காலெல்லாம் என்ன இவ்வளவு சேறு? மழை கூட இல்லையே.

— பஸ்ஸு ஏறப்போ மிதிச்சிட்டேன். ஆதம்பாக்கத்துலேந்து வர்றேன்.

— சவுக்குமேட்டுலேந்து கச்சேரி ரோடு வழியா நடந்தா கால் மணிதானே? ஆதம்பாக்கம் எதுக்கு போனே?

— தம்பி வூடு அங்க. சொம்மா... ரெண்டு நாளு.

— எங்காத்து விலாசம் எப்படி கண்டுபிடிச்சே?

— கண்டுபுடிக்கறதா! 'நடுப்பகல், மாதமிருமுறை, ஆசிரியர் பத்ரிநாராயணன், பதினேழு, குளத்தங்கரைச் சந்து, மயிலாப்பூர், சென்னை நாலு.' எங்க புள்ளைங்கோ பாட்டு மாரி சொல்லும்.

— உனக்குப் படிக்கத் தெரியுமா?

— எனக்கு எங்க தெரியும்? மருமக டயானா பத்து வரிக்கும் படிச்சிகீது. மத்தியானத்துல வல தைக்கும்போது அது நடுவுல குந்திக்கினு சத்தமா படிக்கும். மொத வரிலேந்து அச்சாபீஸ் பேரு வரிக்கும். ஒண்ணு வுடாது.

— நீயும் உன் பிள்ளையும் கேப்பேளா?

— குப்பமே கேக்கும். தொண்ணூறு பேராவது வருவாங்க.

— தொண்ணூறா! ஒரே ஒரு பிரதிய வெச்சுண்டா? இங்க அறுநூறு அடிச்சு, கடைலேந்து நானூறு திரும்பி வந்துடறது...

— திரும்பி வருதா? அதான் இப்டி கட்டு கட்டா கட்டி வச்சிகீறியா?

— அது... தபால்ல அனுப்பறதுக்கு.

— ஒரு கட்டுலயும் அட்ரஸ் ஒட்டலியே?

— படிக்கத் தெரியாதுன்ன, கண்ணு மட்டும் நன்னா இருக்கே உனக்கு! வந்த காரியத்த சொல்லு.

— கோச்சிக்காதம்மா. கடேசியா வந்த பேப்பர்ல 'வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்'னு போட்டுகீதே, அதுல பெரிய சண்டையாப்பூட்ச்சு.

— சண்டையா? அதுல என்ன தப்பு?

— தப்பு ஒண்ணும் இல்ல. 'வாசகர்கள் தங்களால் இயன்றதைத் தந்து பத்திரிகையைக் காப்பாற்ற வேண்டும்'னு கீது. நாங்க வாசகரா இல்லியான்னு சண்ட. முருகையன் சொல்றான், படிக்கிறவதான் வாசகரு, அப்ப டயானா மட்டும்தான் காசு குடுக்கணும்னு.

— நல்ல நியாயம்!

— நாகராஜு வுடுவானா? 'டேய், கதையில வர்ற மந்திரிய நீதான்டா மொதல்ல திட்டற, காசுன்னா மட்டும் வாசகரு இல்லியா'ன்னான். அடிதடி ஆவறதுக்குள்ள எம் புருசன் குப்பன்தான் பைசல் பண்ணாரு. கேக்கறவங்க பாதி வாசகரு. அதனால பாதி காசு. அத்ததான் கொண்டாந்துகீறேன்.

— பாதி வாசகர்... இவர் கேட்டிருந்தார்னா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்.

— வந்தோன சொல்லு, சிரிப்பாரு... ஆனா டயானாவுக்கு மட்டும் ஒரு டவுட்டு.

— என்ன?

— 'இது ஐயா எழுத்து இல்ல'ன்னு சொல்லிச்சு.

— ...எதனால?

— ஐயா எழுதுனா ரெண்டு வரிக்கு ஒருத்தர திட்டுவாரு. இதுல யாரையும் திட்டல. 'தயவுசெய்து' மட்டும் மூணு தபா வந்துச்சு. ஒம்போது வருசமா கேக்காத மனுசன் இப்ப எதுக்கு கேக்கறாருன்னு அதுக்கு ஒரே ரோசன.

— உம் மருமக கெட்டிக்காரி.

— எங்கள பத்தி எழுதறதுக்கு குப்பத்துக்கே வந்து மண்ணுல சம்மணம் போட்டு குந்திக்கினாரு ஐயா. டீ குடிச்சாரு.

— டீ மட்டுமா?

— ...டீ மட்டும்தான்.

— பச்சையம்மா.

— வறுவலு நாகராஜு வூட்ல. என் வூட்ல டீ மட்டும்தான்.

— தெரியும்! அன்னிக்கு சட்டையத் தோய்க்கப் போடறச்சேயே தெரியும். 'கடல் காத்துடி கோமளம்'னார். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குக் கடல் காத்துக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாதா!

— ஐயாவ ஒண்ணும் சொல்லாதம்மா. எம் பேர பேப்பர்ல போட்டாரே. 'பச்சையம்மாள் கூறினார்.' கூறினாள்னு போடல, கூறினார். டயானாவ ரெண்டு தபா படிக்கச் சொன்னேன். தாலி கட்டனவன் கூட என்ன அப்டி சொன்னதில்ல.

— அது அவரோட சட்டம். மந்திரியானாலும் மீன் விக்கறவாளானாலும் 'ர்'தான்... நானும் வந்ததுலேந்து உங்கள நீ நீன்னுண்டு இருக்கேன். மன்னிச்சுக்கோங்கோ.

— ஐயே, நீ வேற! அத்த வுடு. உள்ள இன்னாமோ சத்தம் கேக்குதே? யாரோ கனைக்கிறாங்க?

— ரேடியோ.

— ரேடியோ கனைக்குமா?

— ...இதோ வந்துட்டேன்னா! ஒரு நிமிஷம்! வாசல்ல ஒருத்தர் வந்திருக்கா, பேசிட்டு வரேன்!

— அம்மா.

— என்ன?

— கும்பகோணம் இந்த ரூம்புலயா கீது?

— சிரிக்க வெக்காதீங்கோ. சிரிச்சா அழுகை வந்துடும் எனக்கு.

— இன்னாம்மா ஆச்சு ஐயாவுக்கு?

— ரெண்டு மாசமாச்சு. அச்சாபீஸ்ல புரூஃப் பாத்துண்டே இருந்தவர் அப்படியே சாஞ்சுட்டார். வலது கை, வலது கால், பேச்சு... மூணும் போயிடுத்து. புத்தி மட்டும் அப்படியே இருக்கு. அதுதான் கொடுமை.

— ஐயய்யோ... சாமி...

— நாலு இதழ் நான்தான் எழுதினேன். ராத்திரியும் பகலுமா. அவர் எழுதின மாதிரியே திட்டிப் பாத்தேன், வரல. நமக்கு வாய்ல வரது, பேனால வரலை. அப்புறம்தான் அந்த வேண்டுகோள். அவர்கிட்ட காமிக்கவே இல்ல.

— ஏம்மா?

— காமிச்சா செத்தே போயிருப்பார். கை நீட்டாத மனுஷர். அவர் பேரப் போட்டு நான் கை நீட்டிட்டேன். அதுக்கு என்ன வந்துது தெரியுமோ? பதினோரு பேர் யோசனை எழுதிருக்கா. மூணு பேர் கவிதை. ஒருத்தர் ராசிபலன் போடச் சொல்றார். பணம்னு அனுப்பினவா ஒருத்தர் கூட இல்ல.

— அப்ப இந்த கட்டு...

— கபாலிய வரச் சொல்லிருக்கேன், பழைய பேப்பர் கடை. மூணு மணிக்கு வருவான். ஒம்போது வருஷமும் எடைக்குப் போறது. அவ்வளவுதான், பச்சையம்மா. 'நடுப்பகல்' இனிமே வராது. உங்க பணத்த நீங்க திருப்பி எடுத்துண்டு போங்கோ.

— அது ஆவாதும்மா.

— குடுத்தவாகிட்ட குடுத்துடுங்கோ. புரிஞ்சுப்பா.

— திருப்பிக் குடுக்க வழி இல்ல. நீ வாங்கிக்க.

— பத்திரிகையே இல்லேங்கறேன், எதுக்குன்னு வாங்கிக்கறது? அந்தப் பாவம் வேண்டாம் எனக்கு.

— ஐயாவ ஒரு தபா பாக்கலாமா?

— வேண்டாமே. உங்களப் பாத்தா, குப்பத்த காலி பண்ணச் சொல்ற கேஸ் என்னாச்சுன்னு கேக்கப் பாப்பார். வார்த்தை வராது. குழந்த மாதிரி அழுவார். தினம் கார்த்தால பேப்பர ஒவ்வொரு பக்கமா நான் பிடிச்சுண்டு நிக்கணும். உங்க ஊர் பேர் எங்கயாவது வந்திருக்கான்னு தேடுவார். நல்லவேளை, இன்னி வரைக்கும் ஒண்ணும் வரல.

— ...ஆமா. ஒண்ணும் வரல.

— ஏன் அழறேள்? அவர் தேறிடுவார்னு டாக்டர் சொல்லிருக்கார்.

— இல்ல, இல்ல... அழல. கோமளம்மா, எனக்கு ஒண்ணு வேணும். எங்க குப்பத்த போட்டோ புடிச்சு அட்டைல போட்டாரே ஐயா, அந்தப் பேப்பரு ஒண்ணு தர்றியா?

— உங்ககிட்ட இல்லையா? பத்து பிரதி தானே கொண்டுவந்து குடுத்தாரே.

— இருந்துச்சு. எல்லாம் ஒண்ணா பூட்ச்சு.

— எப்படிப் போச்சு?

— பூட்ச்சும்மா. தா.

— இருங்கோ, இந்தக் கட்டுலதான்... இந்தாங்கோ. ரெண்டா எடுத்துக்கோங்கோ.

— பாரு, இதான் என் வூடு. சவுக்கு மரத்தாண்ட, நீலத் தட்டி. இது அந்தோணியார் குருசடி, மெழுவர்த்தி ஏத்துவோமே. இது நஸ்ருன்னிசா இட்லி கட... எவ்ளோ தெளிவா கீது...

— இத்தனை வருஷம் இருக்கற இடத்த இப்பதான் பாக்கற மாதிரி பாக்கறேளே!

— ...சரி, நான் வந்ததே இன்னொண்ணுக்கு. காசு குடுத்தா பேரு போடுவீங்கன்னு கீதே? 'நன்கொடை தந்தோர்'னு, பேரும் ஊரும்?

— போடறதா இருந்தது.

— அதுக்குத்தான் எல்லாரும் குடுத்தாங்க. எங்க வக்கீல் வஜீஹா அம்மா சொன்னாங்க, எதிர் வக்கீல் கோர்ட்டுல கேக்கறாராம், இந்த எடத்துல ஜனங்க கீறாங்கன்னு எழுத்துல இன்னா ஆதாரம்னு. பட்டா இல்ல. பாதிப் பேருக்கு ரேசன் கார்டு இல்ல. பேப்பர்ல பேரும் ஊரும் தேதியும் அச்சுல வந்துச்சுன்னா...

— ஆதாரம்! நான் இத யோசிக்கவே இல்லையே! மொதல்லயே சொல்லக் கூடாதா? எத்தனை பேர் குடுத்தா?

— முப்பத்தெட்டு. எல்லாம் மனசுல கீது.

— பேனாவ எடுங்கோ... இல்ல, நானே எடுக்கறேன். கபாலி வந்தா நாளைக்கு வரச் சொல்லிடறேன். இன்னும் ஒரே ஒரு இதழ். நாலு பக்கமானாலும் சரி. அச்சாபீஸ்காரர் கால்ல விழுந்தாவது அடிக்க வெக்கறேன். சொல்லுங்கோ!

— குப்பன். நாகராஜு. முருகையன்... அவன் அப்பன் பேரையும் சேத்துக்கணுமாம். 'ராயப்பன் மகன் முருகையன்.' வாசகரே இல்லன்னவன் அவந்தான், கடேசில முழு காசு குடுத்தான்.

— ராயப்பன் மகன் முருகையன். அப்புறம்?

— நஸ்ருன்னிசா. டயானா. டயானா கொயந்த.

— குழந்தையும் பணம் குடுத்துதா?

— அது பேருக்கு அவங்கப்பன், எம் புள்ள பாரத் குடுத்தான். ஆனா பேரு இன்னும் வைக்கல.

— 'டயானா குழந்தை'ன்னே போடறேன். நாளைக்கு அது வளர்ந்து பாக்கட்டும். பச்சையம்மா, தெரியுமா, ரெண்டு மாசத்துல இன்னிக்குத்தான் எனக்கு எழுத்து தானா வரது. உள்ள போய் அவர்கிட்ட சொல்லப் போறேன், உங்களுக்கு முப்பத்தெட்டு வாசகர் பணம் அனுப்பிருக்கான்னு.

— பாதி வாசகரு.

— முழு வாசகர்! யார் பாதின்னு சொன்னது? சரி, எல்லாப் பேருக்கும் கீழ ஒரே விலாசம்தானே, சவுக்குமேட்டுக் குப்பம்? கோர்ட்டு வாய்தா என்னிக்கு? அதுக்குள்ள அச்சாகி உங்க கையில இருக்கணும். எங்க கொண்டுவந்து குடுக்கட்டும், உங்காத்துக்கே வந்துடட்டுமா? நானும் அந்த மண்ணுல சம்மணம் போட்டு உக்காந்து டீ குடிக்கணும்.

— மெள்ளப் பேசும்மா, ஐயா காதுல வுழப்போவுது... வாய்தா இல்ல. செவ்வாக்கெயம காலீல குப்பத்த இடிக்கற மிசினு வந்துச்சு. பத்து மணிக்கெல்லாம் வெறும் மணலுதான், மீன் கூடையக் கூட எடுக்க வுடல. லாரில ஏறுனவங்க கிட்ட இந்தக் காச நீட்டனேன், அரிசியாச்சும் வாங்கிக்கங்கன்னு... ஒருத்தரும் தொடல. 'பேரு வரட்டும்'னாங்க. யாரு எங்க கீறாங்கன்னு எனக்கே தெரில, பேப்பர எங்க கொண்டாந்து குடுப்ப? நீ ஊரு பேர மட்டும் பெருசா போடும்மா.