யாரும் வரவில்லை

– இன்னைக்கு மட்டும் அதைச் சொல்லாதே அண்ணா. அவ்வளவுதான் கேக்கறேன்.

– காலையிலேருந்து கூடவே இருந்து நோட்டீஸ் மடிச்சுக் கொடுத்துட்டு, மேடை ஏற அரை மணி நேரம் இருக்கும்போது வந்து சொல்றே. எதைச் சொல்லக் கூடாது?

– அப்பா செத்த கதையை. ஆத்துல வெள்ளம், பாலம் இல்லை, கரையிலயே காத்துக் கிடந்தாங்க, உதவிக்கு ஒருத்தரும் வரலைன்னு சொல்வியே, அதை.

– அது கதை இல்லைம்மா. பாலம் இல்லாத ஊர்ல, அதனாலயே செத்த ஒரு மனுஷனோட வரலாறு. நாப்பது கிராமத்துல சொல்லியிருக்கேன். அந்த ஜன்னலைத் திறந்து பாரு, பள்ளிக்கூட மைதானம் நிறைஞ்சு கிடக்கு. என் டாக்டர் பட்டத்தைப் பார்க்கவா வந்திருக்காங்க?

– எதுக்கு வந்திருக்காங்கன்னு தெரியும். அதனாலதான் சொல்றேன். இன்னைக்கு வேட்பாளர் ரெண்டு பேருக்கும் ஒரே மேடை. உன்னை எதிர்த்து நிக்கற படகுக்காரர் உன் பக்கத்து நாற்காலியில உட்காருவார்.

– உட்காரட்டுமே. பத்து வருஷமா சட்டசபையில இருக்கார், அந்த ஆத்துல ஒரு தூண் நட முடியலை. அவர் மூஞ்சிக்கு நேரா இதைக் கேக்கத்தான் நான் காலேஜ் வேலையை விட்டுட்டு வந்தேன்.

– பாலம் கட்டலைன்னு சொல்லு. நூறு தடவை சொல்லு. யாரும் வரலைன்னு சொல்லாதே.

– நீ என்னமோ முழுங்கறே. நேத்துலேருந்தே உன் முகம் சரியில்லை.

– நேத்து அவர் எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிரஷர் பார்க்கணும்னு.

– டவுன்ல அத்தனை டாக்டர் இருக்கும்போது என் தங்கச்சி நர்ஸா இருக்கற இடத்துக்கு வந்தாராக்கும். பேரம் உன் வழியா வருதா?

– பாரு, என்னை இப்படிப் பேசாதே. அவர் கையில பட்டையைச் சுத்திக்கிட்டிருந்தேன். மெதுவாச் சொன்னார். "உங்க அண்ணன் என்னைக் கையாலாகாதவன்னு சொல்லட்டும்மா, ஓட்டு கேக்கறவர் சொல்லத்தான் செய்வார். அன்னைக்கு யாரும் வரலைன்னு மட்டும் சொல்ல வேண்டாம்னு சொல்லு. அதுதான் எனக்குத் தாங்கலை"ன்னார்.

– அவருக்கு ஏன் தாங்கலை?

– அன்னைக்குப் படகு கொண்டுவந்தவர் அவர்தான்.

– என்ன சொல்றே நீ?

– சார், உள்ளே வரலாமா? சீட்டுக் குலுக்கிப் போட்டாச்சு, நீங்கதான் முதல்ல பேசறீங்க. அக்கா, கொஞ்சம் தள்ளுங்க, சாருக்குத் தண்ணி வைக்கணும்.

– வக்கீலே, ஏஜெண்ட் வேலையை அப்புறம் பார்க்கலாம், ஒரு அஞ்சு நிமிஷம் கொடு. கதவைச் சாத்திட்டுப் போ.

– கவலையே படாதீங்க சார். எடுத்த எடுப்புல அப்பா விஷயத்துக்குப் போயிடுங்க. முன் வரிசை பூரா பொம்பளைங்கதான். ஒரு கைக்குட்டை காயக் கூடாது.

– போன்னு சொன்னேன்ல.

– இதோ போயிட்டேன் சார். அஞ்சே நிமிஷம்.

– போயாச்சு. இப்போ சொல்லு. முதல்ல அந்த பெஞ்சில உட்காரு.

– அப்போ அவர் மீன் பிடிச்சுக்கிட்டிருந்த ஆளு. ஆறு சீறிக்கிட்டுப் போகுது. நான் கரையில நின்னு துண்டை வீசிக் கத்தினேன். அக்கரையிலேருந்து துடுப்புப் போட்டுக்கிட்டு வந்துட்டார். மணி எட்டு. நேரா வீட்டுக்கே வந்து, "ஐயாவை நான் தோள்ல தூக்கிக்கறேன், கிளம்புங்க"ன்னார். அப்பா கிளம்பலை.

– ஏன்?

– நீ பத்து மணிக்குப் போன் பண்றேன்னு சொல்லியிருந்தே.

– நானா?

– காலையில ஏழு மணிக்கு உன் யூனிவர்சிட்டி ஹாஸ்டலுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே, அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு. துறைத் தலைவரைக் கேட்டுட்டுப் பத்து மணிக்குக் கூப்பிடறேன்னே. அப்பா அதையே பிடிச்சுக்கிட்டார். "பையன் கிளம்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கேட்டுட்டுப் படகு ஏறறேன்"னார். போன் பக்கத்துல நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்துட்டார். வேர்த்துக் கொட்டுது, அசையலை. படகுக்காரர் ரெண்டரை மணி நேரம் மழையில நின்னார். கெஞ்சினார். அப்புறம் தண்ணி ஏறிடுச்சு, யாராலும் கடக்க முடியலை. மத்தியானம் அந்த நாற்காலியிலயே போயிட்டார்.

– அப்போ என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே?

– மறுநாள் சாயந்திரம் நீ வந்து இறங்கினே. உன் முகத்தைப் பார்த்தேன். உனக்காக உட்கார்ந்துதான் செத்தார்னு எப்படிச் சொல்றது? யாரும் வரலைன்னு வாயில வந்ததைச் சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் கழிச்சு அதைத் தூக்கிக்கிட்டு மேடை மேடையாப் போவேன்னு கண்டேனா? ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதக் கூடாதுன்னு பிள்ளைங்களை விரட்டுவியே, என்கிட்ட ஒரு கேள்வி கேட்டியா?

– ஒரு நிமிஷம். ஒரு நிமிஷம் இரு. நான் போன் பண்ணினேன்.

– அண்ணா.

– சரியாப் பத்து மணிக்கு, துறைத் தலைவர் மேஜையிலேருந்து. நாலு தடவை. மணி அடிச்சுக்கிட்டே இருந்தது, யாரும் எடுக்கலை. கிளம்பிட்டாங்க, நல்ல வேளைன்னு நினைச்சேன். அப்புறம் நீ கரையில காத்துக் கிடந்தோம்னு சொன்னதும், அதனாலதான் எடுக்கலைன்னு பொருத்திக்கிட்டேன். அப்பா போன் பக்கத்துலயே இருந்தார்னா எப்படி எடுக்காம இருப்பார்?

– உனக்குத்தான் மணி அடிச்சது. எங்க வீட்டுல அடிக்கலை. ஒயரைச் சுவத்துலேருந்து நான் பிடுங்கி வச்சிருந்தேன்.

– நீயா? ஏம்மா?

– ஏழு மணிக்கு நீ வேற என்ன சொன்னேன்னு யோசிச்சுப் பாரு. "கேட்டுப் பார்க்கறேன், ஆனா என்னால வர முடியாதுன்னுதான் தோணுது, நாளைக்கு வாய்மொழித் தேர்வு, அப்பாகிட்ட இப்போ சொல்லாதே"ன்னே. பத்து மணிக்கு வரலைன்னுதான் சொல்லப் போறே. அந்த நெஞ்சோட அவர் அதைக் கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன். போன் வரலைன்னா சலிச்சு எழுந்து படகு ஏறிடுவார்னு நினைச்சேன். அவர் எழுந்துக்கவே இல்லை. "லைன் கிடைச்சிருக்காது, பையன் விட மாட்டான், இரு"ன்னார். திரும்பச் சொருகலாம்னு போனேன். என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். அவர் கண்ணு முன்னாடி எப்படிச் சொருகறது? எனக்குப் பத்தொன்பது வயசு அண்ணா.

– வரலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ நினைச்சது சரிதான்.

– அவர் பிழைச்சிருப்பார். ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது எனக்குத் தெரிஞ்சுது. நெஞ்சு வலின்னு யாரைக் கூட்டிட்டு வந்தாலும் கடியாரத்தைப் பார்ப்பேன்.

– இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கே.

– படகுக்காரருக்குக்கூட ஒயர் விஷயம் தெரியாது. போன் வரலைங்கறதுதான் தெரியும். அதையும் அவர் இன்னிவரைக்கும் வெளியில சொன்னதில்லை. நீ இப்படிப் பேசிக்கிட்டுத் திரியறப்பக்கூட.

– சார், நேரம் ஆச்சு. அவரு மேடைக்கு வந்துட்டாரு. என்ன அக்கா, அழுதீங்களா?

– வக்கீலே, நோட்டீஸ்ல அப்பாவைப் பத்தின பாரா இருக்குல்ல, அதை நான் சொல்லப் போறதில்லை.

– சார், அதை எடுத்துட்டா நம்மகிட்ட என்ன இருக்கு? தோத்துடுவோம் சார்.

– தோக்கலாம். நீ முன்னாடி போ, வர்றேன்.

– அண்ணா, சொல்றதுன்னா முழுசாச் சொல்லு. என்னையும் சேர்த்துச் சொல்லு. நான் தாங்கிக்கறேன்.

– நான் தோத்தா வேற ஊர்ல ஒரு வேலை தேடிக்குவேன். நீ இந்த ஜனங்களுக்குத்தானே நாளைக்குக் காலையிலயும் ஊசி போடணும். கண்ணைத் துடைச்சுக்கோ. வந்து முன் வரிசையில உட்காரு.

– என்ன சொல்லப் போறே?

– வந்து கேளு.

– எல்லாருக்கும் வணக்கம். கடைசி வரைக்கும் கேக்குதா? சரி. உங்க கையில இருக்கற நோட்டீஸ்ல, எங்க அப்பா சாகக் கிடந்தப்போ உதவிக்கு யாரும் வரலைன்னு எழுதியிருக்கேன். அது தப்பு. விசாரிக்காம எழுதினேன், விசாரிக்காம நாப்பது ஊர்ல பேசினேன். அன்னைக்கு ஒரு படகு வந்தது. அந்த வெள்ளத்துல அதை ஓட்டிக்கிட்டு வந்தவர் இதோ, என் பக்கத்துல உட்கார்ந்திருக்கார். பாலம் ஏன் கட்டலைன்னு அவரைக் கேளுங்க, நானும் கேப்பேன். ஆனா எங்க அப்பா படகு ஏறாததுக்குக் காரணம் அவர் இல்லை, எங்க வீட்டுல வேற யாரும் இல்லை, நான்தான். பத்து மணிக்குப் போன் பண்றேன்னு அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். பண்ணலை.