வண்டி சைடு கொடுத்தது

மெதுவாகப் போகிற வண்டியின் பின்னால் மாட்டிக்கொள்வது யாருக்கும் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் கம்பெனி லாரியோ ஆள் ஓட்டாமல் தானாக ஓடுவது; அதற்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் இன்ஜினியர் நான். போர்டில் போட்டிருக்கும் வேகத்தைத் தாண்டாது. நாமக்கல்லில் கிளம்பினால் மோகனூர் போய்ச் சேரும்வரை பின்னால் ஹாரனும் வசவும்தான்.

சோதனை ஓட்டத்தில் டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது வெள்ளியங்கிரி அண்ணனின் வேலை. ஆபத்து என்றால் மட்டும் பிரேக்கை மிதிக்க வேண்டும். வடநாடு வரைக்கும் லாரி ஓட்டியவர். "ஏனுங்க சாமி, இத்தன படிச்ச வண்டிக்கு ஒரு சைடு குடுக்கத் தெரியலீங்களே" என்று என்னைக் கேலி செய்வார். இடது இண்டிகேட்டரைப் போட்டால், எதிரே ரோடு காலி, தாண்டிப் போ என்று அர்த்தம். சட்டத்தில் இல்லாதது. லாரிக்காரர்கள் பின்னால் வருகிறவருக்குச் செய்யும் உதவி. பழக்கத்தில் அவரே சில சமயம் போட்டுவிடுவார். நான்தான் கண்டிப்பேன்.

ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயரைக் கும்பிடுகிறவன் நான். சின்னச் சின்ன உதவிகளில்தான் சாமி இருக்கிறது என்று நம்புகிறேன். யாரிடமும் கேட்காமல் வண்டிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். வண்டி தான் போகும் பாதை காலியா என்று மட்டும்தான் பார்க்கும்; எதிர்ப்பக்கத்தில் வருவதைக் கணக்கில் எடுக்காது. அதையே பின்னால் வருகிறவருக்கும் வழி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை வண்டி சைடு கொடுத்தது. தையல் கடை வைத்திருந்த கலைமணி அதை நம்பி ஸ்கூட்டரில் தாண்டினார். எதிரே கரும்பு டிராக்டர் வந்தது.

உயிர் போகும்வரை கலைமணியை மடியில் தாங்கிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தவர் அண்ணன். "நானு போடலீங்க சாமி" என்றார்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணா. கை தானாப் போயிருக்கும்" என்றேன்.

மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. வண்டிக்குச் சொல்லிக்கொடுத்ததை அன்றே அழித்தேன். பிறகு தினமும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சாலம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன். அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன். மெல்ல ஞாபகம் வந்தது. "ஆமாங்க, கை போச்சுங்க. இப்பத் தெரியுதுங்க" என்று அழுதார். நானும் சேர்ந்து அழுதேன்.

உங்களிடம் அவர் சொன்னது பொய் இல்லை, ஐயா. மனசார நம்பித்தான் சொன்னார்.

ஜெயிலில் அவர் சோறு தண்ணி தொடுவதில்லை, என்னைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறார் என்கிறீர்கள். எனக்கும் அலுத்துவிட்டது. எழுதிக்கொள்ளுங்கள். இண்டிகேட்டரைப் போட்டது வண்டி. போடச் சொன்னவன் நான். பழியை அவர் தலையில் வைத்தவனும் நான்தான்.

அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன்னைக் கைவிடாத ஒரே ஆள் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஆறுதலையும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வராது.