நாலாவது கேள்வி

உள்ள வராத, அந்த வாசப்படியிலேயே உக்காரு. கோவிச்சுக்காத, தரை இப்பதான் துடைச்சேன். இரு, ஜன்னலைத் திறந்துட்டு வந்துடறேன். ம், கேளு.

வீட்டுல ரெண்டு பேருன்னு எழுதிக்கோ. அவரு லாரியோட போயிருக்காரு, வர மூணு நாளாகும். என் வயசு உனக்குத் தெரியாதா? ஒரே பெஞ்சுல உக்காந்து பயிற்சி எடுத்தவங்கதானே நாம. அப்ப திட்டம் ஆரம்பிச்ச புதுசு, நாடு பூராவுக்கும் நாப்பதே சுகாதாரப் பணியாளருங்க, இப்ப முப்பதாயிரமாம். ஞாபகம் இருக்கா, ஆளுக்கு இருநூறு வீடு பார்க்கச் சொல்றீங்களே, எங்க வீட்டை யாரு பார்க்குறதுன்னு நான் எழுந்து கேட்டேனே? எல்லாரும் சிரிச்சீங்க. நீயும்தான் சிரிச்ச. பயிற்சி குடுத்த பெரிய டாக்டரம்மா மட்டும் சிரிக்கல. நம்ம வீடுங்களைப் பக்கத்துப் பகுதிப் பணியாளருங்க பார்க்கணும்னு அன்னைக்கே விதி போட்டுட்டாங்க. இன்னைக்கு நீ நோட்டும் கையுமா என் வாசல்ல உக்காந்திருக்கேன்னா, எல்லாம் என் வாய் பண்ண வேலை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

தண்ணியா? காய்ச்சித்தான் குடிக்கிறோம். இரு, அந்தப் பின்கதவையும் திறந்துட்டு வந்துடறேன். காத்தே வரமாட்டேங்குது.

நாலாவதா? அதை அப்புறம் கேளேன். கேக்குற விதமே சரியில்ல உனக்கு. இருமல் இருக்கான்னு நேரா கேட்டா எவ ஆமான்னு சொல்லுவா? ராத்திரி தூக்கம் எப்படின்னு கேக்கணும். எங்கங்க தூங்க, இருமி இருமியே விடிஞ்சுடுதுன்னு தானா வந்து விழும். அப்படிக் கேட்டுத்தான் போன வருஷம் தையக்காரர் வீட்டுல டி.பி.யைக் கண்டுபிடிச்சேன். ஆறு மாசம் மாத்திரை, ஆள் இப்ப திடமா மெஷின் மிதிக்கிறாரு. இதுல வெக்கப்பட என்ன இருக்கு, மறைக்காதீங்கன்னு தெருத்தெருவா தொண்டை கிழியச் சொல்லியிருக்கேன்.

ரெண்டு தடவை வந்தியா? பூட்டியிருந்துச்சா? வேலைக்குப் போயிருப்பேன். மூணாவது தடவையும் பூட்டியிருந்தா வீட்டையே பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க, அதானே? தெரியும், தெரியும்.

என்ன கேட்ட? தூக்கம் எப்படியா? அடிப்பாவி, என் வித்தையை என்கிட்டயே காட்டுறியா.

தூக்கமே இல்லடி. ஒரு மாசமா இல்ல. முதல்ல தூசின்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றதும் பொய்தான், எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? போன வாரம் நீ தட்டினப்ப உள்ளதான் இருந்தேன். முன்பக்கம் பூட்டைப் போட்டுட்டு, பின்வாசல் வழியா வந்து, தலையணையில வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். பூட்டைப் பார்த்து ஏமாறாதீங்க, பின்னாடி போய்ப் பாருங்கன்னு புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுக்கறவளே நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

பயந்துட்டேன். வியாதிக்கு இல்ல. சொன்னா வேலையை விட்டு நிறுத்தி, இந்த மருந்துப் பையை வாங்கி வச்சிடுவாங்கல்ல, அதுக்கு. இந்தப் பையோட போனா எந்த வீட்டுலயும் வாங்கன்னு கதவைத் திறக்குறாங்க. பையில்லாட்டி நான் யாரு? எத்தனை பேர் கையில டெஸ்டுக்குச் சளி துப்புற டப்பாவைக் குடுத்திருக்கேன், எனக்குன்னு ஒண்ணை எடுக்கக் கை வரல. நேத்து இருமினப்ப கைக்குட்டையில ரத்தம். அதுக்கு மேல பூட்டுப் போட மனசு வரலடி.

அழாத. கிட்டயும் வராத, அங்கேயே உக்காந்து எழுது. ஒரு மாசம்னு எழுது. ரத்தம்னும் எழுது. டப்பாவைப் படியில வை, நீ போனப்புறம் எடுத்துக்குறேன். பை அந்த வாசல் ஆணியில தொங்குது, அதையும் கொண்டு போயிடு. எனக்கென்ன, மாத்திரை இருக்கு, பொழைச்சுப்பேன்.

இந்தா, இந்தத் தாளைத் தூக்கிப் போடறேன், பிடி. இந்த ஒரு மாசத்துல நான் உள்ள போய் உக்காந்த வீடுங்க. அறுபத்திமூணு. நேத்து சாயங்காலமே உக்காந்து எழுதிட்டேன். வரிசையா மேலேருந்து போகாத. கடைசியில இருக்கு பாரு மாடிவீடு, அங்க முதல்ல போ. இப்பவே போ. பதினோரு நாள் குழந்தை. பெத்தவளுக்குத் துணைக்கு ஆள் இல்லைன்னு, நேத்து வரைக்கும் நான்தான் மடியில போட்டுக் குளிப்பாட்டினேன்.