நிலாவா, அரங்கநாயகியா?

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு இளம் தம்பதி. மனைவியின் மடியில் கைக்குழந்தை.

"நிலான்னு சின்னதா வைப்போம். கூப்பிட ஈஸி," என்றார் கணவர்.

"அதாங்க பயமா இருக்கு. கோபம் வந்தா எனக்குக் கை முந்திக்கும். அரங்கநாயகின்னு வச்சா, கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஆறிடும்."

"எல்லாரும் ரங்கான்னு சுருக்கிடுவாங்க."

"ஊரு சுருக்கட்டும். நான் சுருக்க மாட்டேன்."

"எங்க, இப்பவே திட்டிப் பாரு."

அவள் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு குழந்தையிடம் குனிந்தாள். "அடியே, அரங்க..." நாயகி வருவதற்குள் சிரித்துவிட்டாள்.

"சரி, அதையே வச்சிடலாம்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது. என் பெயர் இரண்டே எழுத்து. சின்ன வயதில் நான் வாங்கிய அடிகளுக்கு அம்மாவை மட்டும் குறை சொல்ல முடியாது.