வயசான நட்சத்திரத்துக்கு என்ன அவசரம்

திருமயத்திலிருந்து புதுக்கோட்டை செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் நடந்தவை:

1. ஒரு கல்லூரி மாணவி மடியிலிருந்த, பல்சார் எனப்படும் சுழலும் நட்சத்திரத்தின் மாதிரியில் ஸ்விட்சைப் போட்டாள்.
2. நட்சத்திரமாக வைத்திருந்த பந்து மெதுவாகச் சுற்றியது.
3. மோட்டார் மெக்கானிக்கான அவள் அப்பா பெருமையாகச் சொன்னார்: "ஒன் நோட்டுல வயசான நட்சத்திரம்னு எழுதியிருந்துச்சு. அதான் வேற மோட்டார் மாட்டி வேகத்தைக் கொறச்சுட்டேன்."

"அய்யோ அப்பா, பத்து மணிக்கு செமினார்! நெசத்துல இந்த வகைப் பல்சார் செகண்டுக்கு நூத்துக்கணக்கான தடவ சுத்தும்."

"வயசான காலத்துல அதுக்கு என்ன ஆத்தா அவ்வளவு அவசரம்?"

"அது ஒருதடவ ஓஞ்சதுதான். ஜோடியா இருக்க நட்சத்திரம் ஊதிப்போயி, அதோட வாயு சுழண்டுக்கிட்டே வந்து இது ஓரத்துல விழும். அந்தத் தள்ளுலதான் திரும்ப வேகம் புடிக்கிது."

"திருவிழா ராட்டினத்தத் தள்ளிவிடுற மாதிரியா?"

"ஆமா! இத நேத்தே கேட்டிருக்கலாம்லப்பா? பழைய மோட்டார் எங்க?"

"வீட்டுல."

அவர் மோட்டாரைக் கழற்றிவிட்டு, பந்தின் ஓரத்தை விரலால் தட்டினார். தட்டத் தட்ட வேகம் கூடியது. "இப்புடித்தானே?"

"இப்புடித்தான். நான் பேசுவேனா, தட்டுவேனா?"

பேருந்து நிலையத்துக்கு டிக்கெட் எடுத்திருந்த அப்பா, மகளோடு கல்லூரி நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்.